டெக்கும் தரை கேசட்டும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வங்கிக்காரர்களுக்கும் மின்சார அலுவலகத்துக்கும் மட்டும்தான் அது தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் டெக்கு. மாமியார் வீட்டில்கூட 'டெக்கு மாப்பிள்ளை வந்திருக்கார்' என்றுதான் சொல்வார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, ஆள் கப்பலில் வேலை பார்த்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் கடலைப் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான். அப்போதும் அலை வந்து காலை நனைப்பதற்குள் கிளம்பலாமா என்று கேட்டவர்.

டெக்கு என்றால் என்னவென்று இப்போது சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது. வீடியோ கேசட்டை உள்ளே தள்ளிப் படம் பார்க்கிற பெட்டி. அதன் முகப்பில் மூன்று ஆங்கில எழுத்துகள் போட்டிருக்கும். அதை யாரும் சட்டை செய்ததில்லை. பாட்டு கேட்கிற பெட்டி டேப்பு, படம் பார்க்கிற பெட்டி டெக்கு, விஷயம் முடிந்தது. ஆனால் அந்தச் சொல் பெட்டியோடு நின்றுவிடவில்லை. 'இன்னிக்கு எங்க வீட்டுல டெக்கு' என்றால் பெட்டி, டிவி, மூன்று படம், முன்னறையில் வந்து உட்காரப் போகிற பாதித் தெரு எல்லாம் அதில் அடக்கம். வாடகைக்கு வாங்கினால் டெக்கு எடுப்பது. ஓடவிட்டால் டெக்கு போடுவது. நாடா உள்ளே சிக்கிக் கசங்கினால் 'டெக்கு தின்னுடுச்சு'. இத்தனையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து, ஒயர் மாட்டி, படம் தெரிந்ததும் அடுத்த வீட்டுக்கு ஓடுகிற இளைஞனும் டெக்கு. 'டெக்கு வந்தாச்சா?' என்று கேட்டால் ஆளைக் கேட்கிறார்களா பெட்டியைக் கேட்கிறார்களா என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றாகத்தானே வரும்!

அந்த ஓட்டத்தில்தான் அவருக்கு உட்காரும் பழக்கமே விட்டுப்போனது. ஒரே மாலையில் மூன்று நான்கு வீடு. ஒவ்வொன்றிலும் படம் தொடங்குகிற வரைதான் இருப்பு. அதனால் அந்தக் காலத்துப் படம் எதைக் கேட்டாலும் முதல் பத்து நிமிஷத்தைக் காட்சி காட்சியாகச் சொல்வார். அதற்கப்புறம் கதாநாயகன் பிழைத்தானா போனானா என்று தெரியாது. "நல்ல படம், நல்லாத்தான் ஆரம்பிச்சுது" என்பார். அதுதான் அவர் விமரிசனம்.

டெக்குக்கு மவுசு போனதும் கேபிள் இழுத்தார். பிறகு சி.டி. வாடகைக்குக் கொடுத்தார். பிறகு வாசலில் காமிரா மாட்டித் தருகிற வேலை. எதிலும் கால் தரிக்கவில்லை. "இவரு உக்காந்து ஒரு நாற்காலியாவது சூடாகியிருக்கா?" என்று அவர் மனைவி வந்தவர் போனவரிடம் எல்லாம் கேட்பாள். விதி என்னவென்றால், இப்படிப்பட்ட மனிதருக்குக் கடைசியில் வந்து வாய்த்தது, காத்திருக்கிற வேலை. பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது. ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் நாலைந்து பழைய டெக்குகள். இதில் அவசரப்படவே முடியாது. மூன்று மணி நேரக் கேசட் என்றால் டெக்கு மூன்று மணி நேரம் ஓடித்தான் தீரவேண்டும். யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்த நாளில் யாரோ கேக் வெட்டுவார்கள். இவர் அறைக்கும் வாசலுக்குமாக நடப்பார். ஜெராக்ஸ் கடைக்காரர், "அண்ணே, தரை தேயுது" என்பார்.

தரை என்றால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு.

தங்கச்சி கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிறேன் என்று வீராப்பாக நின்றவர் அவர்தான். வெளி ஆள் எதற்கு, வீட்டிலேயே டெக்கு இருக்கும்போது என்று கேட்டார். தோளில் வைத்துக்கொள்ளும் பெரிய காமிரா ஒன்றைச் சிநேகிதனிடம் இரவல் வாங்கினார். அந்தக் காமிராவில் ஒரே பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் பதியும், மறுபடி அமுக்கினால் நிற்கும். பதிகிறது என்று காட்டுவதற்குக் கண் வைக்கிற இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியவேண்டும். இரவல் காமிராவில் அந்த விளக்கு செத்திருந்தது. பரவாயில்லை, கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மண்டபத்துக்குள் நுழையும்போதே யார் தோளோ இடித்து, அந்தப் பொத்தான் ஒரு தடவை அமுங்கிவிட்டது. அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் பதிகிறது என்று நினைத்தபோதெல்லாம் காமிரா நின்றது. நிறுத்திவிட்டேன் என்று தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தபோதெல்லாம் பதிந்தது. மோதிரம் மாற்றியது இல்லை. கையெழுத்துப் போட்டது இல்லை. பெரியவர்கள் வந்து வாழ்த்தியது இல்லை. தரை இருந்தது. செருப்பு, நாற்காலிக் கால், புடவைக் கரை, சிந்தின தண்ணீர் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

இரண்டு வீட்டாரும் கூடி உட்கார்ந்து பார்த்த அன்றைக்கு அவர் முகத்தில் அசடு வழிந்ததைச் சொல்லி மாளாது. ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். மாப்பிள்ளை ஒருவர்தான் விழுந்து விழுந்து சிரித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் தங்கச்சியால் தாங்க முடியவில்லை. கேசட்டை உருவி அண்ணன் மடியில் எறிந்தாள். "உன் தரையை நீயே வச்சுக்கோ!"

அன்றிலிருந்து அது தரை கேசட். குடும்பத்தில் யார் எதைச் சொதப்பினாலும், "தரை கேசட் ஆக்கிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். மீதியை யாரும் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

தங்கச்சி மாப்பிள்ளைக்கு லாரி ஓட்டுகிற வேலை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், மழையில் சறுக்கிய வண்டியோடு போய்ச் சேர்ந்தார். பெண் குழந்தை அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தது. அவர் நினைவாகச் சில போட்டோக்கள் மிஞ்சின. அவ்வளவுதான்.

அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாண வயது. ஒரு கம்பெனியில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் புகாருக்குப் பதில் சொல்கிற வேலை. மாமன் என்றால் அவளுக்கு உயிர், மருமகள் என்றால் இவருக்கும் அப்படித்தான். வேலை முடிந்து போகிற வழியில் அந்த அறைக்கு வந்து, ஓடுகிற கேசட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு சாயங்காலம் அப்படி உட்கார்ந்தவள் திடீரென்று கேட்டாள்.

"மாமா, எங்கப்பா குரல் எப்படி இருக்கும்?"

"ஏன்மா?"

"எங்க ஆபீஸ்ல ஒருத்தி, செத்துப்போன அவங்கப்பா போன்ல பேசினதைப் பத்திரமா வச்சிருக்கா. இன்னிக்குப் போட்டுக் காட்டினா. தினம் நூறு பேர் குரலைக் கேக்குறேன், என் அப்பா குரல் மட்டும் எனக்குத் தெரியாது. அம்மாகிட்ட கேட்டா, கனமா இருக்கும், கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கும்கிறாங்க. அதை வச்சு நான் என்ன பண்றது?"

டெக்குக்கு நடை நின்றது. உள்ளே ஏதோ பொத்தான் அமுங்கின மாதிரி இருந்தது. அந்தக் காமிராவில் மைக் இருந்ததே! தரையைப் பதிந்தபோது சும்மாவா பதிந்திருக்கும்? சத்தத்தையும் சேர்த்துத்தானே பதிந்திருக்கும்? மாப்பிள்ளை நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தாரே!

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பார்கள். இவருக்கு அந்தப் பொறுமை ஏது? வாய் முந்திக்கொண்டது.

"உங்கப்பா குரல் என்கிட்ட இருக்கும்மா."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கேசட்டைத் தானும் முழுசாகப் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபின், 'இருக்கலாம்' என்று மாற்றிச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் தங்கச்சி வந்து நின்றாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"உனக்கு அறிவு இருக்கா அண்ணே? பார்த்துட்டுச் சொல்லக் கூடாதா?"

"சத்தம் இருக்கும் இல்லையா, அதான்..."

"இல்லேன்னா? ராத்திரி முழுக்க அவ தூங்கல. எப்ப போடுவார், எப்ப போடுவார்னு என் உயிரை எடுக்கிறா. அன்னிக்கும் இப்படித்தான், நான் இருக்கேன், நான் இருக்கேன்னு நின்னே. என் கல்யாணத்தைத் தரையில போட்டே. இப்ப என் பொண்ணையும் ஏமாத்திடாத."

டெக்கின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாக் கேளு" என்றாள். நாத்தனாரும் அவளும் ஒத்துப்போகிற விஷயம் உலகத்தில் இது ஒன்றுதான்.

பரணில் ஏறிக் கேசட்டை எடுத்தார். அதன் மேல்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. இதை அப்படியே போட்டால் டெக்கு ஒரு நிமிஷத்தில் கக்கும், இல்லாவிட்டால் தின்னும். திருகாணிகளைக் கழற்றி நாடாவை வெளியே எடுத்து, பஞ்சு போன்ற துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். கொஞ்சம் துடைப்பார், எழுந்து வாசலுக்குப் போவார். திரும்ப வந்து கொஞ்சம் துடைப்பார். துடைக்கத் துடைக்க ஒரு பயம் ஏறிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளை அதிகம் பேசுகிறவர் இல்லை. ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தாரா, ஏதாவது பேசினாரா? எவ்வளவு யோசித்தும் ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை. குரலும் வரவில்லை. தினம் பார்த்த மனிதர்! அது அவரை மிகவும் பாதித்தது.

நல்ல டெக்கு என்று அவர் நம்பியிருந்ததில் முதலில் ஒரு வேண்டாத கேசட்டைப் போட்டுப் பரீட்சை செய்தார். நன்றாகத்தான் ஓடியது. நிறுத்தி வெளியே எடுத்தால், உள்ளேயிருந்து நாடா முழம் முழமாக வந்தது. நாடாவைச் சுருட்டுகிற பக்கத்தில் ஒரு ரப்பர் வளையம் வழுக்குகிறது. உயிரே போன மாதிரி இருந்தது அவருக்கு. இன்னொரு டெக்கைப் பிரித்து அதன் வளையத்தை எடுத்து மாட்டினார். மறுபடி பரீட்சை. இந்தத் தடவை தின்னவில்லை. அதற்கு அடுத்த தடவை தின்றது.

அந்த வாரம் முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால், "வளையம் சரியில்ல" என்றார். மருமகள் தினமும் போன் செய்து, "மாமா, ஆச்சா?" என்பாள். ஒருநாள் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். டெக்கு தின்னுடுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி இயந்திரத்தின் மேல் போய்விடும். நினைத்த வேகத்திலேயே அவமானமாக இருந்தது. வேறு ஊரில் பழைய சாமான் விற்கிற ஒருவரைப் பிடித்து, அதே மாடல் டெக்கிலிருந்து இன்னும் இறுக்கமான வளையம் ஒன்றை வரவழைத்தார். அது வந்த பிறகு பத்துக் கேசட் போட்டுப் பார்த்தும் ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது. மருமகள் சாப்பிடாமல்கூட வந்துவிட்டாள். தங்கச்சி வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். வந்தாள், ஆனால் உள்ளே வராமல் கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள்.

"போடு. உன் தரையைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

டெக்கு, பெட்டியின் மேல் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். நாடா உள்ளே போகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் தொய்ந்தாலும் நிறுத்திவிடவேண்டும். ஒரு விரலை நிறுத்துகிற பொத்தான்மேல் வைத்துக்கொண்டு குனிந்தார். திரையை அவர் பார்க்கவே இல்லை.

முதலில் கோடு கோடாக வந்தது. பிறகு தரை. சலவைக்கல் தரை, அதில் ஒரு நீலச் செருப்பு. கூட்டத்தின் இரைச்சல். அதற்கு மேலே, இளவயது டெக்கின் குரல் கணீரென்று: "எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க... பெரியம்மா, சிரிங்க... ரெடி!" அந்த 'ரெடி'யோடு படம் வெட்டிக்கொண்டு போனது. அடுத்தது, "ஓகே, ஓகே, போதும்" என்று தொடங்கியது. மறுபடி தரை. யாரோ பந்தி முடிந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். யாரோ தும்மினார்கள். "ரெடி!" வெட்டு.

கதவுநிலையிலிருந்து தங்கச்சி, "எங்க ரெடி சொன்னியோ அங்கெல்லாம் கரெக்டா நிறுத்தியிருக்கே" என்றாள். சிரிப்பு மாதிரித்தான் இருந்தது. மருமகள் சிரிக்கவில்லை. காதில் கருவி மாட்டியிருக்கிற நேரத்தில் எப்படி உட்காருவாளோ அப்படி, கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. செருப்புகள், குழந்தைகள், வாழ்த்துச் சொல்கிற கிழவர்கள். மாப்பிள்ளை மட்டும் பேசவில்லை. டெக்குக்கு இயந்திரத்தைவிட்டுத் தலையைத் தூக்கி மருமகள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்போது காமிரா எதன் மேலோ இறக்கி வைக்கப்பட்டது. திரையில் நாற்காலியின் கீழே இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று புடவைக் கரைக்குள் பாதி மறைந்திருந்தது. இன்னொன்று புது ஷூவிலிருந்து குதிகாலை வெளியே எடுத்து ஆற்றிக்கொண்டிருந்தது. மைக்குக்கு வெகு பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. மெல்லிசான, அவசரமான குரல்.

"உங்களுக்குப் பசிக்குதா?"

மருமகள் சட்டென்று திரும்பினாள். "அம்மா, இது யாரு?"

தங்கச்சி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "யாரோ. அவங்க வீட்டுப் பசங்கள்ல எவனோ."

"அப்பா இல்லையா?"

"இல்லடி. உங்கப்பா குரல் எனக்குத் தெரியாதா? அது கனமா இருக்கும். அதுவும் இல்லாம, அவரு ஒரு நாளும் என்னை நீங்க, வாங்கன்னு கூப்பிட்டதில்ல."

டெக்குக்கும் அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. மருமகளின் தோள் தொங்கிப்போனதைக் கடைக்கண்ணால் பார்த்தார். செத்துப்போகலாம் போல் இருந்தது.

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல், மிகச் சன்னமாக, "இல்ல" என்றது.

"எனக்கு உயிர் போகுது. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. நான் கேட்டா நல்லா இருக்காது. நீங்க பசிக்குதுன்னு சொன்னீங்கன்னா ரெண்டு பேருக்கும் கொண்டு வருவாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு அடக்க முடியாமல் வெடித்த ஒரு சிரிப்பு. அப்புறம் அதே பெண், மண்டபமே கேட்கிற மாதிரி: "அண்ணே, எனக்குப் பசிக்குது!"

"சும்மா இரு, ஒரு நேரம் சாப்பிடலேன்னா ஒண்ணும் ஆயிடாது. அந்தக் கையை இப்படிக் காட்டு. ரெடி!"

வெட்டு.

டெக்கு நிறுத்துகிற பொத்தானை அமுக்கினார். நாடா தொய்யவில்லை. அவருக்குத்தான் அதற்கு மேல் தன் குரலைக் கேட்க முடியவில்லை.

தங்கச்சி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது நான்தானே?"

"நீதான்" என்றார் டெக்கு.

"அப்ப அது அவருதான்."

அவள் திரையில் நின்றுபோயிருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று அவர் நினைத்தார். இரண்டும் இல்லை. வழி தவறிய ஆள் எதிரே வருகிறவரிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"இத்தனை வருஷமா நான் அவரோட பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், அண்ணே. சமைக்கும்போது, துணி காயப்போடும்போது. இவளுக்குக் காய்ச்சல் வந்தா, என்ன பண்ணலாம்னு கேப்பேன். அவரும் பதில் சொல்லுவாரு. நல்லாக் கேக்கும். அது யாரோட குரல்?"

டெக்கு குனிந்து, நாடா தொய்ந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தார்.

மருமகள் கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள். அதில் ஏறியிருந்த காட்சியைத் தள்ளித் தள்ளி, அந்த இரண்டு ஜோடிக் கால்களைக் கண்டுபிடித்தாள். சத்தத்தைக் கூட்டினாள்.

"உங்களுக்குப் பசிக்குதா?"

நிறுத்தினாள். மறுபடி போட்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "அம்மா, எவ்வளவு சின்னப் பையன் மாதிரி இருக்காரு! நான் இப்பத்தான் முதல் தடவையா கேக்குறேன்ல, எனக்கு அப்பான்னே தோண மாட்டேங்குது."

தங்கச்சி மகளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நானும் இப்பத்தான்டி முதல் தடவையா கேக்குறேன்" என்றாள். "இன்னொரு தரம் போடு."